இங்கிலீஷ் மணியும் அம்மாவின் உப்பும்

ஒரு பாட்டைக் கேட்பதால் யாருக்கும் கெடுதல் வந்ததாக நான் அறியேன். அதைப் பற்றி நாலு பேர் கூடிப் பேச ஆரம்பிக்கும்போதுதான் வினை. பேசுகிறவர்கள் கொஞ்சம் படித்தவர்களாகவும் இருந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் ஆடு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவது நல்லது.

அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது பாண்டிச்சேரியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்திலிருந்து தினமும் பஸ். போகும்போதும் வரும்போதும் காதில் ஹெட்போன். கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பிய ஒரே ஒரு பாட்டால் பிடித்த பைத்தியம் அது. எழுபதுகளில் இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த ஒரு ராக் பேண்ட். பெயரைச் சொல்ல மாட்டேன். (சொன்னால், "அவங்க முதல் ரெண்டு ஆல்பத்துக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். நான் பட்டது போதும்.)

அந்த நாலு பேரின் படத்தை வீட்டுச் சுவரில், மாதா படத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தேன். நாலு பேருக்கும் இடுப்பு வரை தலைமுடி. அம்மா முதல்முறை பார்த்தபோது, "இதுல எது ஆம்பள, எது பொம்பள?" என்று கேட்டாள்.

"நாலும் ஆம்பளதாம்மா."

"ஒருத்தனுக்குக் கூடவா தலைக்கு எண்ணெய் வச்சிவிட ஆள் இல்ல?"

இந்த பேண்டுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. அதில் இரண்டு தூண்கள். ஒருவர் கிரிதரன் சார், பாண்டிச்சேரியில் ஆங்கிலப் பேராசிரியர். பேண்டின் வரிகள் எல்லாமே ஏதோ ஒரு நாவலிலிருந்தோ கவிதையிலிருந்தோ முளைத்தவை என்பது அவர் கட்சி. இன்னொருவர் கிளியனூரில் மொபைல் கடை வைத்திருந்த பாபு அண்ணன். எந்தப் பாட்டில் எந்த மைக்கை எங்கே வைத்தார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். வரிகளைப் பற்றிக் கேட்டால், "அதுக்கு என்னா இப்போ?" என்பார்.

இருவருக்கும் தகராறு ஒரு மணியைப் பற்றி. அவர்களுடைய நீளமான பாட்டு ஒன்று மணியோசையோடு தொடங்கும். டங் என்று ஒரு அடி. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி டங். அது கடலில் மூழ்கிப்போன ஒரு கிராமத்தைப் பற்றிய பழைய நாவலிலிருந்து வந்தது, அதற்காகவே உண்மையான சர்ச் மணியைத் தேடிப் போய்ப் பதிவுசெய்தார்கள் என்பது கிரிதரன் சார் வாதம். ஸ்டூடியோவில் இரும்புக் குழாயைத் தொங்கவிட்டுச் சுத்தியால் அடித்தார்கள் என்பது பாபு அண்ணன் வாதம். மாதக்கணக்காக இது ஓடியது. நான் இரண்டு பேருக்கும் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தேன். (அந்த நாவலை அகராதியோடு பாதிவரை படித்தும் இருந்தேன். கிராமம் மூழ்கும் இடத்துக்கு முன்பே நான் மூழ்கிவிட்டேன்.)

கடைசியில் பாபு அண்ணன், "ஹெட்போன்ல கேட்டா தெரியாது. வெட்டவெளியில பெரிய ஸ்பீக்கர்ல கேக்கணும். இசைத்தட்டு என்கிட்ட இருக்குது, எடம் யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டார்.

என்னை யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த காலம் அது. "எங்க ஊருக்கு வாங்க. உப்பளம் பூரா வெட்டவெளிதான்" என்று எழுதிவிட்டேன். கிரிதரன் சார் இதயம் அனுப்பினார்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்ன வயதிலிருந்து அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்பு சுமந்தவள். அப்பா போனபிறகும் அதே கூடையில்தான் என்னையும் தம்பியையும் கரையேற்றினாள். அந்த வருஷம்தான் முதல்முறையாக, கழுத்தில் இருந்ததை அடகு வைத்து, தன் பேரில் கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். சாயங்காலம் வேலை முடிந்தபிறகும் போய் வரப்பில் சும்மா நின்றுவிட்டு வருவாள். என்னம்மா செய்தாய் என்றால், "பாத்துட்டு வந்தேன்" என்பாள்.

பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி, வரப்பில் சின்னச் சின்னக் குவியலாக வைப்பார்கள். நீர் வடிந்ததும் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். மேட்டுக்குப் போனால்தான் அது நம்முடையது. வரப்பில் இருக்கும்வரை மழையுடையது.

அவர்கள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை காலை, அம்மா வானத்தைப் பார்த்தபடி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மேக்கால கருக்குது ஜெஸி. இன்னிக்கு மொத்தத்தையும் மேட்டுல ஏத்திடணும். ஒரு கை குறையுது, நீயும் வாடி."

"இன்னிக்கு ஆளுங்க வர்றாங்கம்மா. காலேஜ் புரொபசர்லாம் வர்றாரு."

அம்மா என்னை ஒருதடவை பார்த்தாள். "சரி. நண்டுக் குழம்பு வச்சிருக்கேன், அவங்களுக்குப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் தெருவில் லூர்து அண்ணன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். அவரிடம் பெட்டி ஸ்பீக்கர் கேட்டிருந்தேன். போனால், அது பெரிய முதலியார்சாவடியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டது. "குழா ஸ்பீக்கர் இருக்குது ஜெஸி. கோயிலுக்குக் கட்டினது பனமரத்துலயே இருக்குது. ஒயரச் சொருகினா போதும்" என்று சொல்லி, மாதா கோவிலை ஒட்டிய தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டு, அவரும் வளைகாப்புக்குக் கிளம்பிவிட்டார். அது இன்னும் நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். (அந்த நாளில் எனக்கு எல்லாமே நல்லதாகத்தான் போய்க்கொண்டிருந்தது.)

வாசகருக்கு ஒரு விஷயம். எங்கள் கோவிலின் மணிக்கூண்டு விரிசல்விட்டதால் மணியைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். பூசை மணி, செப மணி, துக்க மணி எல்லாமே பென் டிரைவிலிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. அதில் துக்க மணி எப்படி இருக்கும் என்றால், டங் என்று ஒரு அடி. நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி டங்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்த மணியைக் கேட்டே அப்பாவை அடக்கம் செய்தவளுக்கு அன்று புரியவில்லை. அது எனக்கு மணியாகவே கேட்டதில்லை, பாட்டாகத்தான் கேட்டது. ரசிகை என்றால் அப்படி ஒரு ரசிகை.

பாபு அண்ணன் ரெக்கார்ட் பிளேயரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். காற்று இரைகிறது என்று தகரக் கதவைச் சாத்தினோம். "கேக்கும்போது ஃபோன் கூடாது. எல்லாரும் ஆஃப் பண்ணிடுங்க" என்றார் கிரிதரன் சார். பண்ணினோம். முள்ளை வைத்தார்கள்.

டங்.

கிரிதரன் சார் கண்ணை மூடிக்கொண்டார். "கேளுங்க. கடலுக்கு அடியிலேர்ந்து வர்ற மாதிரி இல்ல?"

"சார், சத்தம் அடங்குற எடத்தக் கவனிங்க. நெச மணின்னா லேசா ஆடும். இது ஆடல. இரும்புக் கொழாதான்."

"ஆடுச்சே!"

"எங்க ஆடுச்சு? இன்னொரு தடவ போடறேன், கேளுங்க."

இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. பாட்டுக்குள் நாங்கள் போகவே இல்லை, முள்ளைத் தூக்கித் தூக்கி மணிக்கே வைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் என்னைக் கேட்டார்கள். நான் ரொம்ப யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "ஆடின மாதிரியும் இருக்குது, ஆடாத மாதிரியும் இருக்குது" என்றேன். வாழ்க்கையில் இலக்கிய விமர்சனம் என்று நான் செய்தது அது ஒன்றுதான்.

வெளியே நடந்ததைப் பிற்பாடு ஆளாளுக்குச் சொன்னார்கள். முதல் மணிக்கே அளத்தில் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். ஊரில் சாவு விழுந்தால் எங்கள் ஆட்கள் அளத்தில் நிற்க மாட்டார்கள். கூடையை அங்கேயே வைத்துக் காலைக் கழுவிவிட்டுச் சாவு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். ரொம்ப நாளாகப் படுத்த படுக்கையாக இருந்தவர் சவரிமுத்துத் தாத்தா. "பெரியவர் போயிட்டாரு" என்று முடிவுகட்டி, பிலோமினா பெரியம்மா வழியிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். அவள் அழுதுகொண்டே உள்ளே நுழைந்தபோது தாத்தா எழுந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "யாருக்குமா மணி?" என்று அவளையே கேட்டார்.

அதற்குள் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. ஒரு சாவு என்றால் சரி, மணி நிற்கவே இல்லையே! எங்கோ வேன் கவிழ்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, வேன் பஸ்ஸாகிவிட்டது. பஸ் என்றதும் அம்மா எனக்கு ஃபோன் செய்திருக்கிறாள். விருந்தாளிகளை அழைத்துவர நான் காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனது அவளுக்குத் தெரியும். ஸ்விட்ச் ஆஃப். மறுபடியும் ஸ்விட்ச் ஆஃப். மற்றவர்கள் காலையாவது கழுவினார்கள், அம்மா அதுகூடச் செய்யாமல், யாருக்கு மணி என்று கேட்கக் கோவிலுக்கே ஓடிவந்தாள்.

தகரக் கதவு படாரென்று திறந்தது. தலையில் சும்மாடு அப்படியே இருக்க, அம்மா வாசலில் நின்றாள். முழங்கால் வரை வெள்ளை. என்னைப் பார்த்தாள், கிரிதரன் சாரைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தாள். டங் என்றது அது.

"நீ இருக்கிறியாடி?"

"இருக்கேம்மா."

"அப்ப யாரு செத்தது?"

"யாரும் சாகலம்மா. பாட்டு."

அவள் பின்னால் பாதித் தெரு நின்றது. ஒருத்தர் கையில் மாலை வேறு. கிரிதரன் சார் நிலவரம் புரியாமல் எழுந்து கைகூப்பி, "ஆச்சரியமா இருக்குங்க! நாவல்லயும் இப்படித்தான், மணி சத்தம் கேட்டதும் ஊரே ஓடி வரும்" என்றார். அப்போது தகரத்தின்மேல் முதல் சொட்டு விழுந்தது.

எல்லோரும் அளத்துக்கு ஓடினோம். பாபு அண்ணன் பேண்ட்டை மடித்துக்கொண்டு கூடை தூக்கினார். கிரிதரன் சார் பாத்திக்குள் வழுக்கி விழுந்து, கண்ணாடியைத் தேடுவதற்கே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வந்த மழை அரைமணிகூடப் பெய்யவில்லை. உப்பைக் கரைக்க அதுவே போதுமாக இருந்தது. வரப்பு நெடுக இருந்த குவியல்கள் தோள் இறங்கி, தட்டையாகி, வரப்போடு வரப்பாகிவிட்டன. உப்பு கரையும்போது சத்தமே வருவதில்லை. நான் காலிக் கூடையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலையில் வந்திருந்தால் எத்தனை கூடை மேட்டுக்கு ஏற்றியிருப்பேன் என்று மனசு கணக்குப் போட்டது. இன்றும் ஆவணி மாதத்து மழை பெய்தால் அந்தக் கணக்கை ஒருதடவை போட்டுப் பார்க்கிறேன்.

மேட்டில் ஏற்றியிருந்த கொஞ்சத்தைத் தார்ப்பாயால் மூடி, அதன் ஓரத்தின்மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும், "வந்தவங்க பசியோட இருப்பாங்க. போய் சோத்தப் போடு" என்றாள்.

போட்டேன். ஈரத் துணியை மாற்றித் தம்பியின் லுங்கியோடு உட்கார்ந்து நண்டை உடைத்துக்கொண்டே கிரிதரன் சார் மெல்ல ஆரம்பித்தார். "இந்த நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா ஒரு ஊரே நிஜ மணின்னு நம்பியிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பாபு அண்ணன் விடுவாரா? "சார், இவங்க தெனமும் கேக்கறதே பென் டிரைவ் மணி. இதையும் அதுன்னு நம்பிட்டாங்கன்னா, இதுவும் டூப்புன்னுதான் அர்த்தம்." பஸ் ஏறும்வரை அது ஓடியது. குழுவை விட்டு நான் அன்றைக்கே வெளியேறினேன். விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்று கேள்வி.

அம்மா குத்தகையை விட்டுவிட்டு, அடுத்த வருஷம் மறுபடியும் அடுத்தவர் அளத்துக்குக் கூடை தூக்கப் போனாள். என்னைத் திட்டாமல் இல்லை, ஆசை தீரத் திட்டினாள். பாட்டுக்காகத் திட்டினாள், ஸ்பீக்கருக்காகத் திட்டினாள், ஃபோனை அணைத்ததற்குத் திட்டினாள். "நீயும் வாடி" என்று கூப்பிட்டு நான் போகாததைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

மற்றபடி அந்தக் கதை எங்கள் வீட்டில் ஆறவிடாமல் பரிமாறப்படுகிறது. குழம்பில் உப்பு குறைந்தால், "அக்கா, உன் இங்கிலீஷ்காரனுங்ககிட்ட கொஞ்சம் திருப்பிக் கேளு" என்பான் தம்பி. கல்யாணமான புதிதில் என் கணவர் விருந்துச் சாப்பாட்டில் அப்பாவியாக உப்பு கேட்க, மொத்தப் பந்தியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சவரிமுத்துத் தாத்தா அப்புறம் எழுந்து நடமாடி, "எனக்கு ஒரு வாட்டி மணி அடிச்சி முடிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்னும் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் போனார்.

போன வருஷம் அந்த பேண்டின் பாடகர் இறந்துபோனார். செய்தியை ஃபோனில் பார்த்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். அழுவேன் என்று நினைக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. அம்மா வந்து, "யாருடி?" என்றாள். படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இவன் அந்தத் தலைக்கு எண்ணெய் வைக்காதவந்தானே?"

"ஆமாம்மா."

அம்மா முந்தானையால் ஃபோனின் கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் ஒருதடவை பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"நம்ம உப்பத் தின்னவன். மாதாகிட்ட ஒரு மெழுகுவத்தி ஏத்து" என்றாள். "மணி அப்பவே அடிச்சிட்டோம்."