லூயிக்குக் கைதட்டாத சனிக்கிழமைகள்

அன்புக்கும் என் கேலிக்கும் என்றும் உரிய மச்சான் நெவிலுக்கு, ஆல்டர்விக்கிலிருந்து அத்தான் வில்ஃப்ரெட் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா மாரீனும் மழையும் சௌக்கியம். ஸ்பெயினில் நீயும் உன் வெயிலும் சௌக்கியந்தானே?

நம் ஆல்டர்விக் டவுன் கால்பந்து கிளப் இன்னும் இரண்டாம் பிரிவில்தான் ஆடுகிறது, ஆனால் வியாபாரம் தலைகீழாகிவிட்டது. முன்பெல்லாம் பெரிய கிளப்களில் முட்டி தேய்ந்தவர்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மேலே போகக் கனவு காண்போமே, இப்போது பொடியன்களை வாங்கி, நாலு ஆட்டம் ஆடவிட்டு, பெரிய கிளப்களுக்கு விற்கிறார்கள். போகட்டும் என்றிருந்தேன். லூயி ஃபென்டனையும் விற்கப்போகிறார்கள் என்றதும் பொறுக்க முடியவில்லை. நம் தெருப் பையன், சிறு வயதிலிருந்து இந்த கிளப்பிலேயே வளர்ந்தவன், இந்த வருடம் கோல் மேல் கோல். ரசிகர் கூட்டத்தில் கிளப் கணக்காளரை மடக்கினேன்.

“ஊர்ப் பையனை ஏன்யா விக்கிறீங்க? வெளியூர்க்காரன் எவனையாவது வித்துத் தொலைங்களேன்!”

“அவனை வித்தா, வாங்கின விலையக் கழிக்கணும் சார். லூயிய நாம காசு குடுத்தா வாங்கினோம்? வந்ததெல்லாம் லாபம். இவ்வளவுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு போட்டி நடத்துற மேலிடத்துல சட்டம் போட்டிருக்காங்களே, நான் என்ன செய்ய?”

அதாவது, நாம் வளர்த்த பிள்ளையைத்தான் முதலில் விற்க வேண்டுமாம். எந்த மகராசன் கண்டுபிடித்த கணக்கோ, கேட்கக் கேட்க எனக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. அன்றே ஒரு திட்டம் போட்டேன். லூயி கோல் அடித்தால் நம் கேலரியில் ஒருவரும் கைதட்டக்கூடாது என்று, அவனுக்குத் தெரியாமல் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். ஆள் பிடிக்க வரும் பெரிய கிளப்காரர்கள், இவன் சுமார்தான் போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவார்கள் அல்லவா? அந்தச் சனிக்கிழமையே தலையால் முட்டி ஒரு கோல் போட்டான் பார், ஐயோ! போட்டுவிட்டு எங்களிடம் ஓடி வந்தவன், இழவு வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப் போல் நின்றான். பக்கத்து இருக்கை ஹில்டா தன் கைகள் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

“பாவம்யா, புள்ள மூஞ்சியப் பாரு!”

“பேசாம இரு. இன்னிக்குத் தட்டினா அப்புறம் லண்டனுக்குப் போய்த்தான் தட்டணும்.”

அடுத்தடுத்த வாரங்களில் சிலர் ஊளையிடவே ஆரம்பித்தார்கள். அவன் வீம்புக்கு இன்னும் அடித்தான். அவன் அம்மா கடையில் மாரீனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் சந்தை நாளையோடு மூடுகிறது, ஒருவரும் அவனைக் கேட்டு வரவில்லை. ஜெயித்துவிட்டேன் மச்சான்!

உன் இடுப்பு வலி குறையட்டும், உன் எலுமிச்சை மரம் கொத்துக் கொத்தாய்க் காய்க்கட்டும்.

இப்படிக்கு,
வில்ஃப்ரெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் ஹில்டா ஓடி வந்தாள். லூயியை விற்றாயிற்று. இப்போதெல்லாம் ஆள் பிடிக்க யாரும் நேரில் வருவதில்லையாம், ஆட்டம் பார்ப்பதெல்லாம் கணினியில்தான். “சொந்த ஊரே ஊளையிட்டாலும் அசராம அடிக்கிறான், இந்த மனசு எங்க கிடைக்கும்?” என்று ஒரு பெரிய கிளப்காரர்கள் விலையை இரண்டு மடங்காக்கி வாங்கியிருக்கிறார்கள். போன மாதமே கேட்டார்களாம், அவன்தான் மாட்டேன் என்றானாம். இன்று ரேடியோவில் சொன்னான்: “இங்கயே இருந்துடணும்னுதான் நெனச்சேன். ஊர்ல யாருக்கும் என்னைப் பிடிக்கல.” மச்சான், உன் வீட்டு மாடியறை காலியாக இருக்கிறதா?