கஜலட்சுமியின் பிரியாவிடைக்கு யார் பொறுப்பு?

“கேக் எங்க?” என்று திவாகரன் கேட்டபோது காலை பதினொரு மணி. பிரியாவிடை மூன்று மணிக்கு.

“ஜீவன்கிட்ட சொல்லிட்டேன் சேர்,” என்றாள் சுதர்சினி.

“நான் லோஜினிகிட்ட சொல்லிட்டேன் சேர்,” என்றான் ஜீவன்.

லோஜினி கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. “நான் அக்காகிட்ட குடுத்திட்டேன்.”

“எந்த அக்கா?”

கேட்டிருக்கத் தேவையில்லை. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாடியில் இயங்கிய அந்தத் தேயிலைக் கம்பெனிக் கிளையில் அக்கா என்றால் ஒருவர்தான். முப்பத்தொரு வருடம் வேலை செய்து இன்றோடு ஓய்வுபெறும் கஜலட்சுமி. பிரியாவிடையே அவருக்குத்தான். அதுவும் அவருக்குத் தெரியாமல்.

திவாகரன் அங்கே முகாமையாளராக வந்து ஆறே மாதம். போன கிழமைதான் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், வேலையைப் பகிர்ந்து கொடுப்பது எப்படி என்று கற்றுவந்திருந்தான். வந்த கையோடு சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பெயர் எழுதினான். கொழும்பிலிருந்து வரும் பணிப்பாளர் மஸாஹிரா மேடத்துக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை.

“சாப்பாடு?”

“அக்கா அம்பிட்டியவுல ஒரு அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க சேர்.”

“மாலை?”

“அக்கா காலையிலயே வாங்கியாந்து ஃபிரிட்ஜ்ல வச்சிட்டாங்க.”

“வாழ்த்துமடலாவது நீ எழுதினியா, ஜீவன்?”

ஜீவன் ஒரு தாளை நீட்டினான். உருண்டை உருண்டையான அழகான கையெழுத்து. ‘இவர் ஒருநாளும் நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை. யார் வேலையையும் மாட்டேன் என்று சொன்னதில்லை.’ பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“டேய், இது அக்காவோட எழுத்து!”

“யாருக்குன்னு சொல்லல சேர். ஒரு நல்ல ஆளுக்குன்னு மட்டுந்தான் சொன்னேன்.”

“உங்க மூணு பேருக்கும் பொறுப்புன்னா என்னன்னே தெரியாதா?” திவாகரன் சுவரைக் காட்டினான். “பலகையில பாருங்க! மேற்பார்வை திவாகரன்னு என் பேர நானே எழுதியிருக்கேன்!”

சுதர்சினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அதையும் நீங்க அக்காகிட்டத்தானே குடுத்தீங்க சேர்? ‘இவங்க வேலையெல்லாம் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா’ன்னு திங்கக்கிழமை சொன்னீங்களே.”

சொல்லியிருந்தான். திவாகரன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

முதலில், பின்னறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவை ஒபிஸிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். ஹேவாஹெட்ட தோட்டத்தில் தேயிலை மாதிரி எடுத்துவரும் வேலை ஒன்று இருந்தது. ஜீவனுடைய வேலை.

“அக்கா, நீங்க ஒரு எட்டு போய் எடுத்தாந்திருங்களேன். டிரைவர் ஸிபான் நானா வேன் எடுப்பாரு. மூணு மணிக்குள்ள வந்திருங்க.”

கடைசி நாளிலுமா என்று கஜலட்சுமி கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று பலகையை ஒருமுறை பார்த்தார்.

“சரிங்க சேர்.”

வேன் கிளம்பியதும் திவாகரன் கத்தினான். “அக்காகிட்ட குடுத்ததையெல்லாம் திருப்பி எடுங்க! இனி அவங்கவங்கதான் பொறுப்பு!”

மூவரும் ஒரே நேரத்தில் பொறுப்பானார்கள். லோஜினி கேக் கடைக்கு அழைத்து, அக்கா சொன்ன கேக்கை ரத்துச் செய்து, புதிதாக ஒன்று சொன்னாள். பத்து நிமிடம் கழித்து அதே கடைக்கு ஜீவன் அழைத்து, ஒபிஸ் பெயரில் இருந்த கேக்கை ரத்துச் செய்தான். அது லோஜினி சொன்ன கேக். மறுபடி அழைத்தபோது, “உங்க ஒபிஸ்ல பேசி முடிவெடுத்திட்டு நாளைக்குக் கூப்பிடுங்க,” என்று கடைக்காரர் வைத்துவிட்டார்.

அம்பிட்டிய அம்மாவோ, “கஜலட்சுமி சொன்னாத்தான் சோத்த ஏத்துவேன்,” என்று சுதர்சினியிடம் அடித்துச் சொன்னார். கஜலட்சுமிக்கு அழைத்தார்கள். ஹேவாஹெட்ட மலையில் சிக்னல் இல்லை.

மூன்று மணிக்கு மஸாஹிரா மேடம் வந்தார். கேக் இல்லை. சாப்பாடு இல்லை. நாயகியும் இல்லை. மேடம் வெறும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து பொறுப்பை மாற்றி மாற்றி எழுதியதில் பெயருக்குப் பெயர் அம்புக்குறி பாய்ந்திருந்த பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார்.

“இதுக்கெல்லாம் யாருங்க பொறுப்பு?”

சுதர்சினி ஜீவனைப் பார்த்தாள். ஜீவன் லோஜினியைப் பார்த்தான். லோஜினி பழக்கதோஷத்தில் அக்காவின் காலிக் கதிரையைக் காட்டினாள்.

கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திவாகரனுக்குப் போன உயிர் திரும்பியது. மாலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

படியேறி வந்தது ஸிபான். தலையை நன்றாக வாரியிருந்தார். சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டியிருந்தார். திவாகரனுக்கு முன்னால் வந்து நின்று, பணிவாகக் கழுத்தைத் தாழ்த்தினார்.

கைதட்டல் நின்றது.

“ஸிபான் நானா… அக்கா எங்க?”

“அம்பிட்டியவுல அவங்க வீட்டோட எறங்கிட்டாங்க சேர். இந்தப் பிரியாவிடைய வாங்கிக்கிற வேலைய எங்கிட்ட குடுத்திருக்காங்க, போடுங்க.”