ஜோசப் சார் வீட்டு வண்டி

எதிரில் இருப்பவர் சொல்வது புரியாவிட்டால், "என்ன சொல்றீங்க?" என்று திருப்பிக் கேட்க எனக்குக் கூச்சம். தலையாட்டிவிடுவேன். ஐ.டி. கம்பெனியில் இப்படித் தலையாட்டியே இரண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன். அதனால் இதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை, திருநின்றவூருக்குக் கார் விற்கப் போகும்வரை.

அந்தக் கார் ஒரு வெள்ளைச் சொகுசு செடான். என் மேலாளர் வெளிநாடு போகும்போது தள்ளிவிட்டது. விருதுநகரிலிருந்து வந்து வானகரத்தில் ஃப்ளாட் வாங்கியவனுக்கு அடுத்து தேவை இதுதான் என்று அப்போது தோன்றியது. ரோட்டில் ஓடியதைவிட அது ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்கள் அதிகம். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எப்போதும் எரியும். எதற்கு என்று கேட்டால் மெக்கானிக் தலையாட்டுவார். (என் இனம்.) கடைசியில் என் மனைவி கவிதா, இந்த வீட்டில் ஒன்று அந்த வண்டி இருக்கட்டும், இல்லை மகன் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கட்டும், இரண்டும் நடக்காது என்று சொல்லிவிட்டாள். ஆன்லைனில் விளம்பரம் போட்டேன்.

திருநின்றவூரிலிருந்து ஜோசப் என்பவர் கூப்பிட்டார். பத்து மணிக்கு வண்டியோடு வரச் சொன்னார். ஏரிக்குப் போகிற ரோட்டில் வந்து ஜோசப் வீடு என்று கேட்டால் போதும், எல்லாருக்கும் தெரியும் என்றார். அவர் எண்ணை 'ஜோசப் கார்' என்று போனில் பதிந்துகொண்டேன்.

பெரிய கார் விற்கப் போகிறவன் பெரிய மனிதனாகத் தெரிய வேண்டாமா? வெள்ளை முழுக்கைச் சட்டை, வெள்ளை பேண்ட், கறுப்பு ஷூ என்று கிளம்பினேன். கவிதா மேலும் கீழும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம்.)

ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். தெருமுனைக் கடையில் ஜோசப் வீடு எது என்று கேட்டதும், கடைக்காரர் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு பந்தல் போட்ட வீட்டைக் கைகாட்டினார். வாசலில் நிறைய நாற்காலிகள், பட்டுப் புடவைகள். விசேஷ நாளில் கார் வாங்குகிறார்கள், நல்ல வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் இறங்குவதற்குள் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"ஜோசப் சார் வீட்டுக்கு வந்த வண்டிதானே?"

"ஆமா சார்."

"இன்னாபா நீ, எட்டரைக்கு வரச் சொன்னா ஒம்போதுக்கு வந்துகினு கீற."

பத்து மணி என்றுதானே பேச்சு? குழப்பமாக இருந்தது. தலையாட்டினேன். யாரோ ஒரு அம்மா இட்லி கொண்டுவந்து கொடுத்தார். தின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு பெண்கள் பானெட்டில் ரோஜாக்களை டேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். விலை பேசாமலே பூ ஒட்டுகிறார்களே என்று திகைத்தேன். பிறகு உள்ளம் குளிர்ந்தது. பார்த்தவுடனே பிடித்துவிட்டது போலிருக்கிறது.

அடுத்து கோட் போட்ட ஒரு பெரியவர் வந்தார். அவர்தான் ஜோசப் என்றார்கள். கூடவே வெள்ளைப் பட்டும் தலையில் நீளமான நெட் முக்காடுமாக அவர் மகள். இருவரும் பின்சீட்டில் ஏறினார்கள். வேட்டிக்காரர் பெண்ணின் தாய்மாமனாம், முன்னால் உட்கார்ந்து, "வேப்பம்பட்டு சர்ச்சுக்கு வுடு" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மகள் கல்யாணத்துக்குச் சீதனம் இந்தக் கார். ஃபாதரிடம் மந்திரித்துவிட்டு வாங்கப் போகிறார்கள். டெஸ்ட் டிரைவும் ஆயிற்று.

வழியெல்லாம் வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஆக்சிடென்ட் ஆனதில்லை. பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. மணப்பெண் அழுதுகொண்டிருந்தாள். சீட்டின் தோல் அசல் என்று அவளிடம் தனியாகச் சொன்னேன். வேண்டுமானால் நீங்களே கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள் சார் என்று ஜோசப்பிடம் சொன்னபோது, அவர் மாமனைப் பார்த்தார். மாமன் குனிந்து என் வாயை மோந்து பார்த்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

"மொத்தமா எவ்ளோப்பா?" என்று ஜோசப் கேட்டார்.

"ஆறரை சார்."

"ஏஜென்ட் ஆறுன்னுதானே சொன்னார்?"

விளம்பரத்தில் நான் ஆறரைதான் போட்டிருந்தேன். எந்த ஏஜென்ட்? தெரியவில்லை. ஆனால் ஆறு லட்சம் என்பதே என் கனவில் வராத தொகை. ஆறுக்கே முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ரிசப்ஷன் முடிந்ததும் கையில் தந்துவிடுவதாக அவர் சொன்னார். இவ்வளவு சுலபமாக உலகத்தில் யாரும் கார் விற்றிருக்க மாட்டார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் இன்ஜின் தானாக அணைந்தது. இதுவும் ஒரு வசதி, பெட்ரோல் மிச்சம் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கார் திரையில் பெரிய எழுத்தில் பெயர் வந்தது: ஜோசப் கார்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டு ஜோசப்பின் இரண்டு கைகளும் மகளின் கையைப் பிடித்திருந்தன.

"சார்," என்றேன், "நீங்க எனக்கு போன் பண்றீங்க."

"நானா?"

மணப்பெண் அழுகையை நிறுத்தினாள். நான் பட்டனை அழுத்த, கார் முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"தம்பி, எங்க கீற? இங்க வேற ஒரு வெள்ள வண்டி வந்து நிக்குது. டிரைவர் பொண்ணு ரெடியாங்கறான். எனக்கு ரெண்டும் பசங்கபா."

முதலில் புரிந்துகொண்டது அந்தப் பெண்தான். "அப்பா, நமக்கு வர வேண்டிய வண்டி இன்னொரு ஜோசப் வீட்ல நிக்குது. இவர் இந்தக் காரை விக்க வந்திருக்கார்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கண் மை வழிய, பொக்கேயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப ஆறுன்னியே?" என்று மாமன் கேட்டார்.

"லட்சம்" என்றேன்.

ரயில் போனது, கேட் திறந்தது. எப்படியாவது இவர்களைச் சர்ச்சில் சேர்த்துவிட்டு மானத்தோடு ஓடிவிடலாம் என்று பட்டனை அழுத்தினேன். வண்டி லேசாக இருமிவிட்டு அடங்கியது. மறுபடி அழுத்தினேன். மஞ்சள் விளக்குக்குத் துணையாக ஒரு சிவப்பு விளக்கு வந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அடுத்த கல்யாணம் பதினொன்றுக்கு, ஃபாதர் காத்திருக்க மாட்டார் என்று ஜோசப் தவித்தார். எனக்கு வியர்வையில் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னா தம்பி, ஸ்டார்ட் ஆவலையா?" என்றது ஸ்பீக்கர். லைனை நான் துண்டிக்கவே இல்லை.

பதில் சொல்ல வாய் திறந்தேன். அவரே வைத்துவிட்டார்.

மாமன் இறங்கிப் போய் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். உள்ளே இருந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் இறங்கி வழிவிட்டார்கள். மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மா மட்டும், நானும் அந்தப் பக்கம்தான் போகணும் என்று உட்கார்ந்தே இருந்தார். மணப்பெண்ணும் ஜோசப்பும் ஏறினார்கள். நெட் தரையில் புரளாமல் இருக்க அதன் நுனியைத் தூக்கிப் பிடித்தேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. விட்டால் சக்கரத்தில் சிக்கும், இழுத்தால் கிழியும். பத்தடி ஓடி, டிரைவர் பக்கம் தொற்றிக்கொண்டேன். என் காரோடு மாமன் கேட்டருகே நின்றார். ஊர் முழுக்க அவரைத் திட்டியது பிறகு தெரிந்தது. பத்துப் பேர் சேர்ந்து அதை ஓரமாகத் தள்ளினார்களாம்.

சர்ச் வாசலில் போட்டோகிராபர் தயாராக இருந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும் மணப்பெண், மீன் கூடை அம்மா, நெட்டைப் பிடித்தபடி வெள்ளை உடையில் நான். ஆல்பத்தின் முதல் பக்கமே அதுதான். மாப்பிள்ளை வீட்டார் ரொம்ப நாள் என்னைப் பெண்ணின் சித்தப்பா என்று நினைத்திருந்தார்களாம்.

காரைப் பிறகு அந்த மெக்கானிக்கே எடுத்துக்கொண்டார். ஆறு வரவில்லை, மூன்றுகூட வரவில்லை. கவிதா இன்றும் புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும், கார் விற்கப் போய்க் கல்யாணம் நடத்திவைத்துவிட்டு வந்தவர் என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறாள். மகன் பள்ளியில் இதைக் கட்டுரையாகவே எழுதி, ஆசிரியையைக் கட்டுக்கதை எழுதாதே என்று சொல்லவைத்திருக்கிறான்.

போன மாதம் பெண்ணின் அப்பா ஜோசப் சார் கூப்பிட்டார். பேரனுக்கு ஞானஸ்நானம், குடும்பத்தோடு அவசியம் வர வேண்டும் என்றார். கண்டிப்பாக வருகிறோம் என்றேன். போனை வைக்கப் போனவர் கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ட்ரெயின்லயே வந்துடுங்க."