ஆர்வம் இழந்தமைக்கான சான்று

இங்கிலாந்தில் எங்கள் ஸ்டாக்போர்ட் வட்டார 'சுடர்க்கப்பல்' டிவி தொடர் ரசிகர் சங்கத்திலிருந்து ஓர் உறுப்பினர் விலக இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, சாவு. இன்னொன்று, போட்டிச் சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக நீக்கப்படுவது. போட்டிச் சங்கம் இருபது வருஷத்துக்கு முன்பே இழுத்து மூடப்பட்டுவிட்டதால், நடைமுறையில் சாவு ஒன்றுதான் மிச்சம். அதற்கும் இரண்டு பிரதிகளில் மனுக் கொடுக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில், போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, தேவாலயக் கூடத்தில் நாங்கள் நான்கு பேரும் கூடியிருந்தபோது, க்ளைவ் ஆட்டர்ஷா எழுந்து நின்று ஒரு கடிதத்தை நீட்டினார். ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தோரு வருஷ உறுப்பினர். விதிப்படி எல்லோரையும் போல அவரும் விண்கப்பல் சீருடையான ஊதாக் கோட்டும் வெள்ளி பெல்ட்டும் போட்டிருந்தார். செயலாளர் என்ற முறையில் நான்தான் கடிதத்தைப் படித்தேன்.

"தொடர்மீது எனக்கிருந்த ஆர்வம் போய்விட்டது. தயவுசெய்து என்னை விடுவிக்கவும்."

தலைவர் பெரில் அம்மையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "க்ளைவ், இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே."

"நாலு மணி பஸ்ஸுக்கு நான் போகணும் பெரில். ஹிலாரி ஸ்டாப்ல நிக்கிறாங்க. மலைப்பக்கம் நடக்கக் கூப்பிட்டாங்க. மூணு சனிக்கிழமையா சங்கம் சங்கம்னு சொல்லி ஏமாத்திட்டேன். இன்னிக்கும் வரலைன்னா இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க விதியில் இடமில்லை.

"ஆர்வம் எப்பப் போச்சு? தேதி வேணும்" என்றார் துணைத்தலைவர் நார்மன்.

"முப்பத்தெட்டாவது வருஷத் தொடர்ல. கேப்டன் செத்து, அவரோட அண்ணன் வந்து, அவரும் செத்து, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு சொன்னாங்க பாருங்க, அன்னிக்கு."

"வாயால சொன்னாப் போதாது. சான்று வேணும்."

ஆர்வம் போனதற்குச் சான்றை யார் தருவது? சங்கம்தான் தர வேண்டும். எப்படித் தருவது? தேர்வு வைத்துத்தான். அந்த இடத்திலேயே ஐம்பது கேள்விகள் கொண்ட வாய்மொழித் தேர்வு ஒன்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தேறினால் ஆர்வம் இன்னும் இருக்கிறது என்று பொருள், விலக முடியாது. தேறாவிட்டால் அவர் ரசிகராக இருந்ததே இல்லை என்று பொருள். உறுப்பினராக இல்லாதவர் எப்படி விலகுவார்?

"அப்ப ரெண்டு பக்கமும் அடைச்சாச்சா?" என்றார் க்ளைவ்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் பெரில்.

மணி மூன்று நாற்பது. நார்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். "தற்போதைய கேப்டன் பெயர்?"

"ஏழாம் கேப்டன் ஓர்டான்."

"தப்பு! ஆறு கேப்டன்தானே?"

"ஏழு, நார்மன். ஆறாமவரைத்தான் பாசி தின்னுடுச்சே."

"எந்தப் பாசி?"

க்ளைவ் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நார்மன், நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"எங்க வீட்டு டிவி போய் ஒம்பது வருஷம் ஆச்சு" என்று நார்மன் பிஸ்கட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பெரில்?"

"எனக்கு மூணாம் கேப்டனோட சரி. அவர் மீசை நல்லா இருக்கும்."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அடுத்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதினோரு வருஷமாகப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதை ஒப்புக்கொண்டதாகக் குறிப்பேட்டிலும் எழுதினேன்.

"அடப்பாவிகளா! பிடிக்காமப் பிடிக்காம நான் ஒருத்தன்தான் இத்தனை வருஷமா உட்கார்ந்து பார்த்திருக்கேனா? அப்ப நீங்கள்லாம் எதுக்கு இங்க வர்றீங்க?"

"சனிக்கிழமை வேற எங்கப்பா போறது?" என்றார் பெரில்.

ஆனால் பெரில் லேசுப்பட்டவர் அல்ல. அரை நிமிஷத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சங்கத்துல யாரும் தொடரைப் பார்க்கறதில்ல. அதுதான் நம்ம மரபு. ஒருத்தர் மட்டும் ரகசியமாப் பார்த்திருக்கார். மரபுக்கு மாறா நடக்கிறவர் போட்டிச் சங்கத்துக்காரராகவே கருதப்படுவார். நீக்கணும்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றார் நார்மன்.

"நானும்!" என்று கத்தினார் க்ளைவ். சீருடையைக் கழற்றக்கூட நிற்காமல், ஊதாக் கோட்டு பறக்கத் தெருவில் ஓடினார். பஸ் கிடைத்துவிட்டது. ஜன்னல் வழியாக நாங்கள் மூவரும் பார்த்தோம். எனக்கு வயிறு எரிந்தது.

நாமும் தொடரைப் பார்த்தால் நம்மையும் நீக்கிவிடுவார்களே என்று ஒரு யோசனை தோன்றியது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பின், விட்டுப்போன பாகங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாரம் மருந்து குடிக்கிறமாதிரி இருந்தது. இரண்டாம் வாரம் பாசி வந்தது. என்ன பாசி தெரியுமா! ஆறாம் கேப்டனை அது விழுங்கிய அன்று நான் அழுதேவிட்டேன். இப்போது எனக்கு ஓர்டான் என்றால் உயிர். வெளியே சொன்னால் நீக்கிவிடுவார்கள். நீக்கினால் சனிக்கிழமை நான் எங்கே போவேன்? எனக்குத்தான் ஹிலாரியும் இல்லையே.

க்ளைவைப் போன மாதம் பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்தில் ஹிலாரி. முதல் நாள் அந்த ஊதாக் கோட்டைப் பார்த்து என்ன கதை என்று கேட்டவர், இன்னும் விடவில்லை. "சரி, நாலாம் கேப்டன் கதையை முதல்லேருந்து சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். க்ளைவ் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் தேநீர்ப் பாத்திரம் கொதித்துப் பொங்கியது. "ஐயோ, பாசி மாதிரியே வருது, ஓர்டான் இருந்தா நல்லா இருக்கும்" என்று பெரில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். நார்மன் சிரித்துவிட்டு உடனே இருமினார். நானும் சிரித்துவிட்டுப் பேனாவைத் தேடினேன்.

பிறகு மூவருமாக, அடுத்த கூட்டத்துக்கு எந்த பிஸ்கட் வாங்குவது என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தோம்.