ஜெயசீலி என்னைத் திட்டுவதே இல்லை

பீர்க்கன்கரணை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் எபிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா ஜெயசீலியும் இங்கே சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கத்துக்காக. உண்மையில் அவள்தான் சுகம். நான் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன்.

அவள் கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள், நானும் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றேன், சரிக்குச் சரி என்று நினைத்திருந்தேன். போன வாரம் என் கண்ணைக் காட்டத் தாம்பரம் போனோம். டாக்டர் சபீஹா உன் அக்காவிடம் படித்தவளாம். என் கண்ணில் சொட்டு மருந்தை விட்டு மூலையில் உட்கார வைத்துவிட்டு, "டீச்சர், அந்த ஜியோமெட்ரி நோட்டை எத்தனை தடவை திருப்பி அனுப்பினீங்க! அன்னிக்கு அழுதேன், இன்னிக்குக் கை நடுங்காம ஆபரேஷன் பண்றேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள், வெளியே கூட்டம் முணுமுணுக்கிறது, நான் கண் தெரியாமல் ஒரு பூந்தொட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாங்கிய திட்டையெல்லாம் பரிசு வாங்கியதுபோல் சொல்கிறார்கள், மச்சான்! நானும் ஆபீசில் எத்தனை பேரை "போப்பா, பார்த்துக்கலாம்" என்று விட்டிருக்கிறேன். ஒருத்தனாவது எனக்கு வணக்கம் வைத்தானா?

நேற்று பம்மலிலிருந்து மெக்கானிக் ஃபிரெடி மோட்டார் பார்க்க வந்தான். அவனும் அவளுடைய மாணவன்தான். தண்ணீர் ஏறிய பிறகும் ஏதோ சத்தம் வருகிறதென்று மறுபடி பிரித்தான். போதும் விடப்பா என்றேன்.

"இன்னா சார், டீச்சர் வூட்ல அரைகுறையா வுட முடியுமா? அவங்க திட்னா பயமே இல்ல சார். 'பரவால்ல'ன்ட்டாங்கன்னா தான் பேஜாரு. நம்மளால ஆவாதுன்னு கை கழுவிட்டாங்கன்னு அர்த்தம்."

மச்சான், கேட்டாயா? கல்யாணமான நாள் முதல் அவள் எனக்குச் சொல்லிவருவது அந்த ஒரே வார்த்தைதான். துணியைக் கோணலாக மடித்தால் பரவாயில்லை. சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தால் பரவாயில்லை. குழம்பில் உப்புப் போட மறந்தால், பரவாயில்லை, நீங்க போய் உட்காருங்க. தங்கமான மனைவி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே! முதல் வாரத்திலேயே என்னை ஃபெயில் போட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாள்.

நீ உடனே புறப்பட்டு வந்து அவளிடம் பேச வேண்டும். ஊர்ப் பிள்ளைகளிடம் எதிர்பார்த்ததில் கால்வாசியைக் கட்டிய புருஷனிடம் எதிர்பார்க்கக் கூடாதா? நேரில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்கும் பரவாயில்லை என்றுவிட்டால் நான் எங்கே போவேன்?

ஹெப்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராதிருக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சத்தியநாதன்.

பி.கு.: வியாழக்கிழமை எழுதுகிறேன். நீ வர வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என்னைக் கேட்டிருந்தார்கள். நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். வழக்கமான பதில்தான். எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ஃபிரெடி இப்படிப் படிச்சா விடுவியா?" என்று கேட்டுவிட்டேன்.  அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இது ஒரு வாசிப்பா? வாயைத் திறந்து படிங்க. முதல்லேருந்து!" சாப்பாட்டு நேரம் தாண்டியும் விடவில்லை. இப்போது எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வேறு யாரோ வாசிக்கப் போகிறார்கள். போகட்டும். என்னமாய்த் திட்டினாள் தெரியுமா, மச்சான்!