ரஞ்சன் பெஹராவைத் தமிழராக்கிய வரலாறு

உலக நாகரிகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு ஏதென்ஸிடமிருந்து எர்ணாவூருக்குக் கைமாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் ஓய்வுபெற்ற கிடங்கு மேலாளர் தேசப்பன், தம் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் 'அடையாளக் காப்புக் கழக'த்தைத் தொடங்கினார். தலைவர் அவரே. மரவாடி வைத்திருக்கும் லியாகத் அலி துணைத் தலைவர். உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கேட்பது பண்பாடல்ல.

பிழைக்க வந்தவர்கள் நம்மோடு 'கலந்தாக' வேண்டும்; கலக்காதவர்களுக்கு யாரும் வீடு தரக்கூடாது. இது முதல் தீர்மானம். மீறும் வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் வராது. மோட்டார் அறைச் சாவி கழகத்திடம் இருந்ததால் இந்தக் கொள்கைக்கு நல்ல வலு இருந்தது.

முதலில் அகப்பட்டவன் ரஞ்சன் பெஹரா. ஒடிசாக்காரன். ஐஸ் கம்பெனியில் வேலை. பத்து வருடத்துக்கு மேலாக அதே குடியிருப்பில் கோவிந்தம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தான். மனைவிக்கு ஏழாம் மாதம்.

"தங்கள் திருப்பெயர் யாது?" என்று தேர்வைத் தொடங்கினார் தேசப்பன்.

"இன்னா தலிவரே, தெரியாத மாரி கேக்குற? தெனம் பாத்துகினுதானே கீறோம்!"

தேசப்பன் காதைப் பொத்திக்கொண்டார். "இது தமிழா?"

"எங்க வூட்லயும் இப்டிதான்..." என்று ஆரம்பித்த லியாகத் அலி, அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

ரஞ்சன் தோற்றான். ஆனால் கழகம் கருணையற்றதல்ல. ஒரு மாத அவகாசம்; ஆசிரியர் தேசப்பனே. வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தெருவில் நிறுத்த முடியுமா? ரஞ்சன் பயந்து படித்தான். ஐஸ் தூக்கி மரத்துப்போன விரல்களால் எழுதி எழுதிப் பழகினான். அவன் வாயில் 'கீது' இறந்து 'இருக்கின்றது' பிறந்தது. 'பேஜாரு' போய் 'இன்னல்' வந்தது.

வெற்றியைக் கண்ணாரக் காண தேசப்பன் ஐஸ் கம்பெனிக்கே போனார். அப்போதுதான் சரிவுப் பலகையில் ஒரு ஐஸ் பாரைத் தள்ளிவிட்டிருந்த ரஞ்சன், கீழே ஆட்களைக் கண்டு பதறினான்.

"ஐயன்மீர்! விலகி நிற்பீராக! பனிப்பாளம் விரைந்து வருகின்றது!"

ஒருவரும் அசையவில்லை. ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒரு லோடுமேன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேசப்பனுக்கு மட்டும் புரிந்தது. புரிந்து, 'நிற்பீராக' என்பதன் அழகை ரசித்து முடிப்பதற்குள் ஐஸ் பார் அவர் காலில் ஏறிவிட்டது.

ரஞ்சன் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"இன்னா ஆச்சு?" என்றாள் நர்ஸ் பவானி.

வலியிலும் கொள்கை தவறாத தேசப்பன், "என் வலப்பாதம் நைவுற்றது, அம்மையே!" என்றார்.

பவானி ரஞ்சனிடம் திரும்பினாள். "எந்த ஊர்க்காரர்பா இவரு? இந்திலயா பேசறாரு?"

ரஞ்சன் ஒரு மாத விரதத்தை உடைத்தான். "ஐஸ் பாரு வுழுந்து காலு நசுங்கிப்பூட்ச்சு சிஸ்டர். சீக்ரம் பாரு."

"அப்டி சொல்லு! நீ லோக்கலு, கூடவே நில்லு. வெளியூர்க்காரரு, பாவம், பயந்துடுவாரு."

எலும்பு உடைந்தது தேசப்பனுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

மறுவாரம் அவசரக் கூட்டம். லிஃப்ட் ஓடாது. மாவுக்கட்டுக் காலோடு தலைவரை மூன்று மாடி சுமந்து ஏற்றியவன் ரஞ்சன். குற்றவாளி என்ற முறையில் அவனும் மேலே வரவேண்டியிருந்ததால், ஒரே நடையில் இரண்டு காரியம் முடிந்தது.

"என் வூட்ல அவன் கீறான். உனுக்கு இன்னா நைனா பேஜாரு?" என்று கோவிந்தம்மா கத்தினாள். மொழித்தூய்மையைக் கெடுத்ததற்காக அவள் வெளியே அனுப்பப்பட்டாள்.

தீர்ப்பு: ஒரு தமிழரை வெளியூர்க்காரராகத் தோன்றச் செய்த குற்றத்துக்காக, ரஞ்சன் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லியாகத் அலி சோம்பல் முறிக்கத் தூக்கிய கையும் ஆதரவாக எண்ணப்பட்டது.

"எங்க போவேன் தலிவரே?" என்றான் ரஞ்சன். "ஊருக்குப் போனா, என் பேச்ச கேட்டுட்டு 'மதராஸி'ன்றாங்க."

"அது அவர்கள் பண்பாட்டுச் சிக்கல்" என்றார் தேசப்பன். கூட்டம் முடிந்தது.

இறங்குவதற்கு ஆள் தேவைப்பட்டது. கழகத்தில் அனைவருக்கும் அந்த நேரம் பார்த்து இடுப்பு வலி. ரஞ்சன் குனிந்தான். தேசப்பன் ஏறி, அவன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ரஞ்சனுக்கு மூச்சு வாங்கியது. சுவரில் கை ஊன்றி நின்றான். பின்னால் வந்த லியாகத் அலியைத் திரும்பிப் பார்த்து தேசப்பன் பெருமூச்சு விட்டார்.

"வந்தவனையெல்லாம் எத்தனை காலத்துக்குத்தானய்யா நாமே தாங்குவது?"