பத்து ஷேர்க்காரர்

நம் ஜில்லாவில் கொஞ்ச காலமாக ஓர் இனம் பெருகி வருகிறது. கம்பெனி ஷேர் வைத்திருக்கிற மனிதர்கள். லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கவலைப்படுவதற்கென்றே குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது பத்து ஷேர்க்காரரை. பத்து என்பது பேச்சுக்குத்தான். ஐந்தாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். எண்ணிக்கை குறையக் குறைய அக்கறை கூடும் என்பது இந்த இனத்தின் முதல் லட்சணம்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கோயமுத்தூர்ப் பக்கம் ரயிலில் போகும்போது பஞ்சாலைப் புகைபோக்கி கண்ணில் பட்டதும், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டு, ஜன்னல் ஓரத்தில் இருக்கும் குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்கு நகர்ந்து, புகை கறுப்பாக வருகிறதா வெளுப்பாக வருகிறதா என்று கண் மறையும் வரையில் பார்த்துவிட்டு, "நம்ம மில்லு ஓடுது" என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறாரே, அவர்தான். பதினாயிரம் ஷேர் போட்டுக் கட்டிய மில்லில் பத்து இவருடையது. ஆனாலும் நம்ம மில்லு. அதோடு விடுவாரா? எதிரில் இருப்பவரின் சட்டையை இரண்டு விரலால் நெருடி, இது நம்ம நூலா என்று விசாரிப்பார். இல்லை என்றால் அந்தச் சட்டைக்காக அனுதாபப்படுவார்.

உலகச் செய்தி எதுவும் இவருக்கு வெறும் செய்தியாக வந்து சேருவதில்லை. ரூபாயாக மாறித்தான் வரும். பாரிஸ் பட்டணம் விழுந்த அன்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள். இவரும் வருத்தப்பட்டார், ஷேருக்குப் பதினெட்டு ரூபாய் வீதம். நடுக்கடலில் ஒரு கப்பல் மூழ்கியது என்று கேட்டால், அது யாருடைய கப்பல், அதில் ஏற்றியிருந்தது பஞ்சா நூலா என்று தெரிந்த பிறகுதான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்.

வருஷத்துக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டம் நடக்கும். மற்ற நாளில் இரண்டணா வண்டிக்கூலிக்குத் தயங்கி நடந்தே போகிறவர், அன்று இரண்டரை ரூபாய் செலவழித்துப் போய், கேசரியும் காப்பியும் சாப்பிட்டு வருவார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் பேசியது ஒன்றும் இவர் நினைவில் இருக்காது. கேசரி மட்டும் இருக்கும். போன வருஷம் கேசரியில் முந்திரி எத்தனை இருந்தது, இந்த வருஷம் எத்தனை இருந்தது என்பதை வைத்து மில்லின் நிலைமையைப் பற்றி ஒரு மாதம் பேசுவார். சொல்லப்போனால், அவருடைய மற்றக் கணிப்புகளைவிட இது ஒன்றுதான் அடிக்கடி பலித்திருக்கிறது.

இந்த இனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டதுதான். எங்கள் ஊர் பள்ளிபாளையத்திலிருந்து கிழக்கே ஐந்து மைல். அப்பா தபால் ஆபீசில் இருப்பதால் வீட்டுக்கு இங்கிலீஷ் பத்திரிகை வரும். ஈரோட்டிலிருந்து ஆற்றைத் தாண்டி, ஒரு நாள் தாமதமாக. அதில் ஷேர் விலை போடுகிற பத்தியைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. அதைக் கேட்க வருகிறவர் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் அர்த்தநாரி. பத்து வருஷத்துக்கு முன்னால் மில் கட்டுகிறவர்கள் மோட்டாரில் ஊர் ஊராக வந்து ஷேர் சேர்த்தபோது, பருத்தி விற்ற பணத்தில் நூறு ரூபாய் ஷேர் பத்து வாங்கினவர். அன்று முதல் அவர் தோட்டத்தில் விளைகிற பருத்தியைவிட மில்லில் நூற்கிற பருத்தியைப் பற்றித்தான் அவருக்கு நினைப்பு.

பத்திரிகை வருவதற்கு முன்பே வந்துவிடுவார். விலையை நேராகக் கேட்க மாட்டார். அது மரியாதை இல்லை. முதலில் மழையைப் பற்றிக் கேட்பார், பிறகு சண்டையைப் பற்றிக் கேட்பார், அதற்கப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "சாமி, நம்ம சமாச்சாரம் ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?" என்பார்.

ஒருமுறை மில்லிலிருந்து வருஷாந்தரக் கணக்கு வந்தது. இடது பக்கத்தின் கூட்டுத்தொகையைப் படித்தேன். வலது பக்கத்தின் கூட்டுத்தொகையைப் படித்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இந்தப் பக்கமும் அதே தொகை, அந்தப் பக்கமும் அதே தொகைன்னா, மில்லு நடத்தறது எதுக்குங்க சாமி?"

இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்க வேண்டும், அதுதான் கணக்கு என்று எனக்குத் தெரிந்தவரையில் விளக்கினேன். அவர் நம்பவில்லை. அடுத்த வருஷமும் சமமாகவே வந்ததும், யாரோ வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

இதுவரையில் யாருக்கும் கஷ்டமில்லை. கஷ்டம் அவர் மனைவி அத்தாயி அக்காளுக்கு வந்தது. அக்காள் தன் கையால் முப்பது தென்னம்பிள்ளை வைத்திருந்தார். மூன்றாவது வருஷம் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மாடுகள் நாலு சால் இறைப்பதற்குள் அடிப்பாறை தெரியும். பாறைக்கு வெடி வைத்து ஆழப்படுத்த மேஸ்திரி ஆயிரத்து நூறு ரூபாய் கேட்டார். ஷேரை விற்று வெட்டிவிடலாம் என்று அர்த்தநாரி பங்குனி மாதத்தில் எல்லார் எதிரிலும் வாக்குக் கொடுத்தார். அப்போது ஷேர் நூற்றுப் பதினெட்டு ரூபாய்.

பத்து ஷேர்க்காரர் ஷேரை விற்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? விலை ஏறுகிறதா, ஏறுகிற சமயத்தில் எவனாவது விற்பானா? இறங்குகிறதா, இவ்வளவு நஷ்டத்துக்கா விற்பது? ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்றால், அசையாமல் இருக்கிறதே, எதற்கோ தயாராகிறது, இப்போது போய் விற்கலாமா? அர்த்தநாரி நூற்றிருபத்தைந்து வரட்டும் என்றார். பாரிஸ் விழுந்து நூறு ஆயிற்று. பழையபடி ஏறட்டும் என்றார். மறு வருஷம் நூற்றுப் பதினைந்தில் எட்டு மாதம் நின்றது. நிற்கட்டும் என்றார். அந்த மூன்று கோடையும் அத்தாயி அக்காள் ஊர்க்கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றினார். அப்படியும் நாலு போய்விட்டன. மீதி இருபத்தாறு.

அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு அவர்கள் முகந்தான் தெரியும். பிறந்தது முதல் அப்படியே விலை பேசிப் பழகியவருக்கு, பத்திரிகையில் போட்ட விலையை ஒரு விலையாகவே ஒப்புக்கொள்ள முடியவில்லை.

"ஊருக்கே தெரியற மாதிரி அச்சடிச்சுப் போடறது ஒரு வெலைங்களா? அது சும்மா வாய்க்குச் சொல்றதுங்க. நெச வெல துண்டுக்கு அடியில இருக்குமுங்க" என்பார்.

மெட்ராஸில் தரகர்கள் துண்டு போட்டுக்கொள்வதில்லையே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்கெல்லாம் ஜரிகைத் துண்டா இருக்கும்" என்றார்.

போன வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே காலியாயிற்று. எங்கள் ஊருக்குக்கூட ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து வாடகைக்கு வீடு பிடித்தது. இந்தக் குழப்பத்தில் பதினொரு நாள் எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. கடைசியாக வந்ததில் நூற்றுப் பத்தொன்பது போட்டிருந்தது. விலையே தெரியாவிட்டால் அர்த்தநாரி துடித்துப்போவார் என்று நினைத்தேன். நேர்மாறாக, அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. விலை வராத நாளில் விலை இறங்கவும் முடியாதல்லவா?

மூன்றாம் நாள் அத்தாயி அக்காள் வந்தார். காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தில் எவ்வளவு போட்டால் இவர் விற்பார் என்று என்னைக் கேட்டார். எவ்வளவு போட்டாலும் விற்க மாட்டார், போட்டிருக்கிறது என்பதே அவருக்குக் குற்றம் என்று நான் அந்தத் துண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்காள் சிரிக்கவில்லை. நிஜமாக வாங்குகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார். சேலத்தில் உபகாரசாமி என்று ஒரு ஷேர் ஏஜெண்டு உண்டு, அப்பாவுக்குத் தெரிந்தவர். அப்பா எழுதிக் கேட்டதில், நூற்றிருபத்தொன்று வரையில் தரலாம் என்று பதில் வந்தது. அக்காள் அதைத் தன் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மேச்சேரியில் ஆட்டு வியாபாரம் செய்யும் தம்பி மாதையனுக்கு ஆள் அனுப்பினார்.

மாதையன் வந்தார். தோளில் ஒரு கோடித் துண்டு. கையெழுத்துக்கு வேண்டிய காகிதத்தோடு அப்பாவும் நானும் போயிருந்தோம். சேலத்தில் ஒருத்தர் ஷேர் கேட்கிறார், பேரைச் சொல்லக் கூடாது என்று மாதையன் ஆரம்பித்ததுமே அர்த்தநாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டை விரித்ததும் அவருடைய கை தானாக உள்ளே போயிற்று.

இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றோம். மாதையன் முகம் ஆட்டுச் சந்தையில் இருபது வருஷம் பழுத்த முகம்; அதில் ஒன்றும் தெரியவில்லை. அர்த்தநாரியின் புருவம் மேலே போயிற்று.

"ஏம் மாப்ள, குட்டி ஆட்டுக்கு வெல சொல்றியா?"

"ஊரே கெட்டுக் கெடக்குதுங்க மாமா. நாளைக்கு இந்தக் காயிதம் அடுப்புப் பத்த வெக்கத்தான் ஆகும்."

உள்ளேயிருந்து அத்தாயி அக்காளின் குரல் வந்தது. "குடுக்க வேண்டாமுங்க. அடுப்புக்கே ஆகட்டும். எனக்கும் வெறகு மிச்சம்."

அர்த்தநாரிக்கு ரோசம் வந்துவிட்டது. துண்டு அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது. மாதையன் கையை உருவிக்கொண்டு எழுந்தார். "செரி, நான் வாரேனுங்க மாமா" என்று வாசற்படி வரையில் போனார். திரும்பக் கூப்பிடுவதற்கு அர்த்தநாரி எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரத்தில், உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிற்று. கூப்பிட்டார். துண்டு கடைசியாக ஒருமுறை அசைந்தது. முடிந்தது. ஊரெல்லாம் பார்த்த விலையை மூன்று கோடையாக நம்பாதவர், யாருமே பார்க்காத விலையை ஒரே நிமிஷத்தில் நம்பினார்.

கையெழுத்துப் போட்டபிறகு அப்பாவின் காதருகில் குனிந்து அவர் ரகசியமாகச் சொன்ன தொகை நூற்றிருபத்தொன்று. இரண்டு நாள் கழித்துப் பத்திரிகை வந்தது. அதில் நூற்றுப் பத்தொன்பதுதான் போட்டிருந்தது. அர்த்தநாரிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா சாமி, அடியில வெல வேறன்னு நான் சொல்லலீங்களா?" என்று நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மேஸ்திரி ஆட்களோடு வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் வெடி வைத்ததும் மெட்ராஸ்க் குடும்பம் அரை மணி நேரத்தில் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டது. குண்டுக்குப் பயந்துதானே வந்தோம், அது இங்கேயே விழுகிறதே என்பது அவர்களுடைய நியாயம். எட்டு நாள் வெடித்தது.

இங்கேதான் விதி விளையாடிற்று. ஆடியில் ஷேர் நூற்று நாற்பது. தீபாவளிக்கு நூற்று எண்பத்தைந்து. தை பிறந்தபோது இருநூற்று முப்பத்திரண்டு.

கையில் ஒரு ஷேரும் இல்லாத அர்த்தநாரி ஒரு நாள் தவறாமல் வந்தார். மழையைப் பற்றிக் கேட்பதையும் சண்டையைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டார், வந்ததும் விலைதான். ஷேர் இருந்தபோது அச்சில் வந்த விலை பொய். ஷேர் போனபிறகு அச்சில் வந்த ஒவ்வொரு அணாவும் சத்தியம். இருநூற்று முப்பத்திரண்டில் நூற்றிருபத்தொன்று போக மீதியைப் பத்தால் பெருக்கி, ஆயிரத்து நூற்றுப்பத்து ரூபாய் போய்விட்டது என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மறுநாள் ஒரு ரூபாய் ஏறினால், பத்து ரூபாய் களவு போனவர் மாதிரி நடந்தார். வைத்திருந்தபோது ஷேர் அவருக்கு இத்தனை வேலை கொடுத்ததில்லை.

"நான் மட்டும் வெச்சிருந்திருந்தா" என்று ஒருநாள் எங்கள் வீட்டில் ஆரம்பித்தார். அவரைச் சாப்பிடக் கூப்பிட வந்த அத்தாயி அக்காள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெச்சிருந்திருந்தா இன்னைக்கு வித்திருப்பீங்களாக்கும்?"

அர்த்தநாரி நேர்மையான மனிதர். வாயைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார், மூடிக்கொண்டார். பிறகு, முந்நூறு வரும்போல இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார்.

நமக்கு ஷேரும் இல்லை, இந்தப் பைத்தியமும் இல்லை என்று நீங்கள் சிரித்துக்கொண்டு இருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். நூற்றிருபத்தொன்றுக்கு விற்றார் என்றபோது, அப்பாடா, நல்ல விலைதான் என்று நினைத்தீர்கள். தையில் இருநூற்று முப்பத்திரண்டு என்றதும் உங்கள் நாக்கு மேலே ஒட்டி ஒரு சத்தம் வந்ததே, அது என்ன சத்தம்? ஒன்பது மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று தோன்றவில்லையா? ஆயிரத்து நூற்றுப்பத்து சரிதானா என்று மனசுக்குள் பெருக்கிப் பார்க்கவில்லையா? வெட்கப்பட வேண்டாம்; நானும் பெருக்கினேன். ஆனால் எட்டு நாள் வெடி வைத்த அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்ததா, இருபத்தாறு தென்னம்பிள்ளையும் என்ன ஆயின என்று இந்த நிமிஷம் வரையில் நீங்கள் கேட்கவில்லை.

வந்தது. ஒன்பதாவது அடியில் ஊற்றுக் கண் திறந்தது. இருபத்தாறும் பிழைத்துக்கொண்டன, ஏழில் பாளை விட்டிருக்கிறது. யாராவது கேட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று அத்தாயி அக்காள் காத்திருக்கிறார். வருகிறவர்களெல்லாம் ஷேர் விலையைத்தான் கேட்கிறார்கள்.